பத்து வயதில் பாதை பிரியலாமா?

பத்து வயதுப் பிள்ளை பிற்காலத்தில் என்ன ஆவான்? பெற்ற தாயாலும் சொல்ல முடியாது.

ஆனால் ஜெர்மனியில், ஏறக்குறைய அந்த வயதிலேயே தீர்மானித்து விடுகிறார்கள்!

அங்கே 6 வயதில் பள்ளிப் படிப்பு தொடங்குகிறது. பெரும்பாலான மாநிலங்களில் 4-ம் வகுப்பு வரை எல்லோருக்கும் ஒரே பள்ளி. பெர்லினில் 6-ம் வகுப்பு வரை.

அதன் பிறகு பாதை பிரிகிறது. நன்றாகப் படிக்கும் மாணவ-மாணவிகள் "கிம்னாசியம்" என்ற பள்ளிக்குப் போவார்கள். அது பல்கலைக்கழகத்துக்குப் போகும் நேர் வழி. மற்றவர்கள் வேறு பள்ளிகளுக்குப் போவார்கள். எல்லோரும் சேர்ந்து படிக்கும் பொதுப் பள்ளிகளும் உண்டு.

யாருக்கு எந்தப் பள்ளி? ஆசிரியர் சிபாரிசு செய்வார். பவேரியா மாநிலத்தில் மார்க்கைப் பார்ப்பார்கள். பல மாநிலங்களில் கடைசி முடிவு பெற்றோருடையது. பின்னால் பள்ளி மாறலாம். ஆனால், அது சுலபம் அல்ல.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவில் இந்தப் பிரிவினை இல்லை. டாக்டர் மகனும் டிரைவர் மகளும் 12-ம் வகுப்பு வரை ஒரே உயர்நிலைப் பள்ளியில் படிக்கலாம். பிந்தி விழித்துக்கொள்ளும் பிள்ளைக்கும் அங்கே வழி திறந்து இருக்கிறது.

அப்படியானால் அமெரிக்க முறைதான் சிறந்ததா? அவசரப்பட வேண்டாம்!

அங்கே பள்ளிச் செலவில் கணிசமான பகுதி, உள்ளூர் வீட்டு வரியில் இருந்து வருகிறது. பணக்காரர் வாழும் ஊரில் பள்ளிக்குப் பணம் அதிகம். ஏழைகள் வாழும் ஊரில் தட்டுப்பாடு. கல்லூரிச் செலவோ மிக அதிகம். கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளில் பலர் கையில் சான்றிதழ் இருக்கும், தொழில் இருக்காது.

படிப்போடு சம்பளம்

ஜெர்மனி இந்த இடத்தில்தான் உயர்ந்து நிற்கிறது. கிம்னாசியம் போகாத பிள்ளையையும் அது கைவிடுவது இல்லை. வாரத்தில் மூன்று, நான்கு நாள் தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை பழகலாம். மீதி நாள் தொழிற்பள்ளியில் பாடம். பழகும்போதே சம்பளம் உண்டு! இப்படி 300-க்கும் அதிகமான தொழில்களைக் கற்கலாம். முடிவில் பரீட்சை, தேறினால் நாடு முழுவதும் மதிக்கும் சான்றிதழ்.

ஆனாலும், சின்ன வயதில் பிரிப்பது சரியா என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. 2000-ம் ஆண்டில் பல நாடுகளில் 15 வயது மாணவர்களுக்கு ஒரு சோதனை நடந்தது. அதில் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடையே ஜெர்மனியில் பெரிய இடைவெளி தெரிந்தது. நாடே திடுக்கிட்டது.

2010-ம் ஆண்டில் ஹாம்பர்க் அரசு, "6-ம் வகுப்பு வரை எல்லோரும் சேர்ந்து படிக்கட்டும்" என்றது. மக்கள் ஓட்டெடுப்பில் அந்தத் திட்டம் தோற்றது.

எது நல்ல வழி?

பத்து வயதில் தெரிவது பிள்ளையின் அறிவு மட்டும் அல்ல, வீட்டின் வசதியும்தான். அதை வைத்து ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது நியாயம் ஆகாது. எல்லோரையும் ஒன்றாகப் படிக்க வைத்துவிட்டு, கடைசியில் தொழில் இல்லாமல் தெருவில் விடுவதும் நியாயம் ஆகாது.

பாதை பிரிவது தாமதமாக இருக்கட்டும். எந்தப் பாதையில் போனாலும், அதன் முடிவில் கவுரவமான ஒரு வேலை காத்திருக்கட்டும். அதுவே நல்ல கல்வி!