லாக்டேட் எண் ஆளைப் பிழைக்க வைக்காது

விபத்துச் சிகிச்சை பற்றிப் பேசும் இடங்களில் இப்போது ஒரு கருத்து வேரூன்றிவிட்டது. அடிபட்டு வருபவரின் ரத்தத்தில், திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறும் லாக்டேட் எவ்வளவு, மூளையிலிருந்து கசியும் புரதம் எவ்வளவு என்று வந்தவுடன் பார்த்துவிட்டால் யார் பிழைப்பார், யார் பிழைக்க மாட்டார் என்று தெரிந்துவிடுமாம். அதனால் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு முதலில் வாங்கித் தர வேண்டியது இந்த 'பயோமார்க்கர்' கருவிகளைத்தானாம். கர்நாடகத்தின் பழைய சுரங்க ஊரான கோலார் தங்கவயல் போன்ற ஓர் ஊரை மனதில் வைத்து இந்த வாதத்தை நடத்திப் பார்த்தால், அது ஒவ்வொரு படியிலும் வழுக்குகிறது.

முதல் வாதம்: லாக்டேட் சாவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

சொல்கிறது, மறுக்கவில்லை. 1993-இல் ஆப்ராம்சன் குழுவினர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் பலத்த காயம்பட்ட 76 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 24 மணி நேரத்துக்குள் லாக்டேட் இயல்புக்கு இறங்கிய 27 பேருமே பிழைத்தார்கள். 48 மணி நேரம் கடந்தும் இறங்காத 22 பேரில் பிழைத்தது 3 பேர்தான். பார்த்தால் யாருக்கும் வியப்பு வரும். ஆனால் லாக்டேட் இறங்கியதால் அந்த 27 பேர் பிழைக்கவில்லை. ரத்தப்போக்கு நின்றது, உடம்பின் திசுக்களுக்கு ஆக்சிஜன் மறுபடி போய்ச் சேர்ந்தது. அதனால் லாக்டேட்டும் இறங்கியது, ஆளும் பிழைத்தார்.

அளப்பது வேறு, காப்பது வேறு என்பதைத் தங்கவயல்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று நொறுங்கிச் சுரங்கத்துக்குள் சிதறுவதை அங்கே 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். 1912-லேயே அதைப் பதிவு செய்ய வீகர்ட் நிலநடுக்கமானி ஒன்றை நிறுவிவிட்டார்கள். எப்போது வெடித்தது, எவ்வளவு பலமாக வெடித்தது என்று கருவி சொன்னது. தொழிலாளியின் தலைக்கு மேலிருந்த பாறையை அது தாங்கிப் பிடிக்கவில்லை. மர முட்டுகளுக்குப் பதில் கருங்கல் சுவர் எழுப்பினார்கள், பிறகு காங்கிரீட் நிரப்பினார்கள், தாது வெட்டும் முறையையே மாற்றினார்கள். ஆபத்தைக் குறைத்தது அந்த வேலை. பதிவுகள் அதற்குத் துணையாக இருந்தன, அதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

சாவைக் குறைப்பதாக உறுதியாகத் தெரிந்த ஒன்றைப் பாருங்கள். 2010-இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வில் 40 நாடுகளின் 274 ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த 20,211 பேர் இடம்பெற்றார்கள், இந்தியர்களும் ஏராளம். உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் போட்டவர்களில் 14.5 சதவீதம் பேரும் போடாதவர்களில் 16 சதவீதம் பேரும் இறந்தார்கள். யாருக்கு மருந்து என்று எப்படி முடிவு செய்தார்கள்? மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழ், அல்லது நாடித்துடிப்பு 110-க்கு மேல், அல்லது ரத்தப்போக்கு ஆபத்து இருக்கிறது என்ற மருத்துவரின் கணிப்பு. லாக்டேட்டை யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அதே தரவை நேரவாரியாகப் பிரித்தபோது இன்னொன்று தெரிந்தது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போட்டால் ரத்தப்போக்கால் இறப்போர் 7.7 சதவீதத்திலிருந்து 5.3 ஆகக் குறைந்தார்கள். மூன்று மணி நேரம் கழித்துப் போட்டபோது 3.1 சதவீதம் 4.4 ஆகக் கூடியது. அதே மருந்துதான், உயிர் காப்பதா கெடுப்பதா என்று முடிவு செய்வது கடிகாரம்.

அந்தக் கடிகாரம் தங்கவயலில் எப்படி ஓடுகிறது? சுரங்கம் ஓடிய காலத்தில் கம்பெனி ஆஸ்பத்திரி ஊருக்குள்ளேயே இருந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அதன் பிறகு பிழைப்புக்கும் பெரிய வைத்தியத்துக்கும் வெளியூர்தான். பேத்தமங்கலம் சாலையில் ஒருவர் அடிபட்டால் முதலில் உள்ளூர் ஆஸ்பத்திரி. அங்கிருந்து 'ரெஃபர்' செய்தால் சுமார் 30 கிலோமீட்டரில் கோலார். தலைக்காயம் என்றால் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீட்டு, ஒரு காத்திருப்பு. இந்த வழியில் எங்கே ரத்தப் பரிசோதனைக் கருவியை வைத்தாலும் இழந்த நேரம் திரும்பாது. முதல் ஆஸ்பத்திரியிலேயே டிரானெக்சாமிக் ஊசி மருந்து இருப்பதும், அதைப் போட ஒரு நர்ஸுக்கு அதிகாரம் இருப்பதும் பெரிய காரியம்.

அடுத்த வாதம்: மருத்துவர் கண் தவறும், எண் தவறாது.

எண்ணும் தவறும், அதுவும் சத்தமில்லாமல். அடிபட்டவருக்கு வலிப்பு வந்திருந்தால் லாக்டேட் ஏறும். குடித்திருந்தாலும், கல்லீரல் கெட்டிருந்தாலும், சிறுநீரகம் பழுதான சர்க்கரை நோயாளி மெட்ஃபார்மின் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் ஏறும். இவையெல்லாம் போக, எடுத்த ரத்தமே சோதனைக் குழாயில் கிடந்து லாக்டேட்டை உண்டாக்கும். சிவப்பணுக்கள் அங்கேயும் சர்க்கரையைத் தின்றுகொண்டுதான் இருக்கின்றன. அதனால்தான் ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, உடனே அனுப்பச் சொல்கிறார்கள். அவசரத்தில் கைக்குக் கிடைத்த குழாயில் ரத்தம் எடுத்து, உறவினர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளி லேபுக்கு ஓடும் இடத்தில், வரும் எண் நோயாளியுடையதா, வெயிலுடையதா?

லாக்டேட்டால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் சரியாகத் தெரியும்போதே வயிற்றுக்குள் ரத்தம் கசிவதை அது காட்டிக்கொடுக்கும். வயதானவர்களிடம் இது முக்கியம். ஆனால் எளிய பரிசோதனையைவிட அது மேல் என்பது நிலைக்கவில்லை. 2019-இல் வெளியான ஆண்ட்ரோமிடா-ஷாக் ஆய்வு தென் அமெரிக்காவின் 28 ஆஸ்பத்திரிகளில், கிருமித்தொற்றால் அதிர்ச்சி நிலைக்குப் போன 424 பேரிடம் நடந்தது. பாதிப் பேருக்கு லாக்டேட்டைப் பார்த்துச் சிகிச்சை. மீதிப் பேருக்கு ஆள்காட்டி விரல் நுனியை ஒரு கண்ணாடித் தகட்டால் பத்து விநாடி அழுத்திவிட்டு, வெளுத்த தோலில் ரத்தம் மூன்று விநாடிக்குள் திரும்புகிறதா என்று பார்த்துச் சிகிச்சை. 28 நாளில் இறந்தவர்கள் லாக்டேட் பக்கம் 43.4 சதவீதம், விரல் பக்கம் 34.9 சதவீதம். புள்ளியியல் கணக்குப்படி இந்த வித்தியாசம் உறுதி எல்லையை மயிரிழையில் தவறவிட்டது. இவர்கள் விபத்து நோயாளிகளும் அல்லர். ஆனாலும் லாக்டேட் வென்றது என்று இந்த ஆய்வைக் காட்டி யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு வாதம்: தலைக்காயத்துக்கு ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது, இனி சி.டி. ஸ்கேனுக்கு அலைய வேண்டாம்.

2018 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அனுமதித்தது ஜி.எஃப்.ஏ.பி., யு.சி.எச்.-எல்1 என்ற இரு புரதங்களை அளக்கும் சோதனையை. 1,959 பேரிடம் நடந்த ஆய்வில் அது மூளைக்காயத்தை அரிதாகவே தவறவிட்டது; அந்த அளவில் நல்ல செய்தி. மறுபக்கம், ஸ்கேனில் ஒன்றுமே இல்லாதவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு 'காயம் இருக்கலாம்' என்றுதான் சொன்னது. அவர்கள் எல்லோரும் எப்படியும் ஸ்கேனுக்குப் போக வேண்டியவர்களே. முதலில் அனுமதி கிடைத்தது அடிபட்ட 12 மணி நேரத்துக்குள் எடுக்கும் ரத்தத்துக்கு. ஸ்காண்டிநேவிய நாடுகள் பயன்படுத்தும் எஸ்100பி சோதனைக்கு ஆறு மணி நேரம்தான். எலும்பு முறிந்திருந்தாலும் அந்தப் புரதம் ஏறிவிடும். ஸ்கேன் கருவி பக்கத்து அறையில் இருக்கும் ஊரில் இவை ஸ்கேன் செலவை மிச்சப்படுத்தலாம். ஸ்கேனே தொலைவில் இருக்கும் ஊரில் பெரும்பாலும் பயணத்துக்கு முன் இன்னொரு காத்திருப்பைச் சேர்க்கும்.

கடைசியாக, ஆய்வுகள் நிரூபித்துவிட்டன என்கிறார்கள். எந்த ஆய்வுகள்? பெரும்பாலும் ஒரே ஆஸ்பத்திரியில், உயிரோடு வந்து சேர்ந்தவர்களை மட்டும் வைத்துச் செய்தவை. வழியில் இறந்தவரின் லாக்டேட்டை யாரும் எடுக்கவில்லை. நம் பக்கத்தில் இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. காசு தீர்ந்தபோதோ, இனி நம்பிக்கையில்லை என்று சொன்னபோதோ, குடும்பம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடும். அவர் மறுநாள் வீட்டில் இறந்தால் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அது சாவாக ஏறாது. சில ஆய்வுகளில் அவரை நீக்கிவிடுவார்கள். லாக்டேட் மிக அதிகமாக இருந்தவர்களே இப்படிக் காணாமல் போகும்போது, அந்த ஆய்வு சொல்லும் துல்லியம் யாரைப் பற்றியது?

பணம் தீர்ந்ததால் கூட்டிப்போவதைக் குறைக்கும் வழி தெரியாததல்ல. தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. மத்திய அரசு 2025 மே மாதம் சாலை விபத்துக்கு ஏழு நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சையை அறிவித்தது. இந்த மத்தியத் திட்டம் தங்கவயல் ஆட்களுக்கும் பொருந்தும். அங்கே அடிபடும் ஒவ்வொருவருக்கும் நடைமுறையில் கிடைக்கிறதா என்பதே பெரிய ஆய்வுப் பொருள்.

'விளைவு' என்று இந்த ஆய்வுக்காரர்கள் எழுதுவதும் செத்தாரா, டிஸ்சார்ஜ் ஆனாரா என்பதோடு நின்றுவிடுகிறது. தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி பெங்களூருவில் கூலி வேலை பார்த்துத் திரும்பும் ஒருவருக்குத் தலைக்காயம் பட்டால், டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கிய நாளோடு கதை முடியவில்லை. ஆறு மாதம் கழித்து அவர் தனியாக அந்த ரயிலில் ஏறுகிறாரா, வேலையில் கணக்கு மறக்காமல் இருக்கிறாரா, மனைவி தன் வேலையை விட்டு அவரைப் பார்த்துக்கொள்கிறாரா? இதை அளக்கத்தான் விரிவாக்கிய கிளாஸ்கோ விளைவு அளவுகோல் இருக்கிறது. அதற்கு ஒரு போனும் கேட்கத் தெரிந்த ஒரு ஆளும் போதும்.

கோலார் மாவட்டத்தில் அடுத்து யாராவது பயோமார்க்கர் ஆய்வு தொடங்கினால், லாக்டேட் கட்டத்துக்குப் பக்கத்தில் நான்கு கட்டங்கள் போடட்டும்: அடிபட்ட மணி, முதல் ஆஸ்பத்திரிக்கு வந்த மணி, ஊசி போட்ட மணி, ரத்தம் எடுத்த மணி. ஐந்தாவதாக, ஆறாம் மாதம் போன் செய்ய வீட்டு எண். கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போனவர்களின் எண்ணையும் விடாமல் வாங்கிக்கொள்ளட்டும். முதல் போன் அவர்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.