மீட்டுப் பார்க்காத நகல் காப்பாகாது

மார்ச் 31 இந்திய அலுவலகங்களுக்கு நிதியாண்டின் கடைசி நாள். 2011 முதல் அந்நாளுக்கு இன்னொரு பெயரும் உண்டு: உலகக் காப்புநகல் நாள். கணினியில் உள்ளவற்றுக்கு இன்றே பேக்கப் எடுத்து வையுங்கள் என்னும் அறிவுரை ஆண்டுதோறும் அன்று சுற்றுக்கு வருகிறது. அறிவுரை தவறன்று, ஆனால் அது பாதி அறிவுரை. நகலெடுக்கச் சொல்கிறவர்கள், எடுத்த நகலிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுப் பார்க்கச் சொல்வதில்லை. ஐந்தாறு ஆண்டு உழைப்பை ஒற்றை மடிக்கணினியில் சுமந்து திரியும் ஆய்வாளர்களுக்கு இந்தப் பாதி அறிவுரை, அறிவுரையே இல்லாததைவிடக் கேடானது. அறிவுரை பெறாதவருக்கு அச்சமாவது இருக்கும். பாதி பெற்றவருக்கு அதுவும் இருப்பதில்லை.

ஓர் ஆய்வாளரின் கணினி செயலிழந்த செய்தி துறைக்குள் பரவியதும் முதலில் எழும் கேள்வி, “பேக்கப் எடுக்கவில்லையா?” என்பதே. அனுதாபத்தின் குரலில் கேட்கப்படும் குற்றச்சாட்டு அது. இழந்தவர் கவனமற்றவர் என்னும் தீர்ப்பு அக்கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அப்படித் தீர்ப்புக்கு ஆளாகிறவர்களுள் நகல் எடுத்தே வைத்திருப்பவர்களும் உண்டு. வெளிவன்தட்டு மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. இன்னொரு கணினியில் செருகினால் கோப்புறைகளும் வரிசையாகத் தெரிகின்றன. சிக்கல் அதற்குப் பிறகே தொடங்குகிறது.

இந்தியில் ஆய்வேடு எழுதுவோரிடம் இன்றும் கிருதிதேவ் எழுத்துருவில் தட்டச்சான அத்தியாயங்கள் உண்டு. ஒருங்குறியில் அமையாத அக்கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் திறந்தால் திரையில் வருவது இந்தியன்று. பொருளற்ற உரோமன் எழுத்துகளின் குவியல். கோப்பு பிழைத்தது, எழுத்துருவை நகலெடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஜோட்டெரோ செயலியில் மேற்கோள் நூல்களைச் சேர்த்தவர் தம் ஆவணக் கோப்புறையை நகலெடுத்து நிறைவடைகிறார். அச்செயலியின் தரவோ வழக்கமாக அதற்கு வெளியே தனிக் கோப்புறையில் இருக்கிறது. மொழியியல் களப்பணியில் ஈலான் செயலியைப் பயன்படுத்துவோரின் நிலை இன்னும் கடினம். அதன் குறிப்புக் கோப்புக்குள் ஒலி இராது. ஒலிப்பதிவு எங்கே இருக்கிறது என்னும் சுட்டு மட்டுமே இருக்கும். குறிப்பை நகலெடுத்து ஒலியை விட்டவர் கையில் எஞ்சுவது, குரலற்ற எழுத்துப்பெயர்ப்பு. அக்குரல் ஒரு சிறு மொழியின் முதிய பேச்சாளருடையதாக இருந்து, அவரும் மறைந்துவிட்டால், இரண்டாம் முறை பதிவு செய்ய உலகில் எவரும் இல்லை.

இந்தியக் கணினிக் கடைகளுக்கென்று ஒரு நம்பிக்கை உண்டு. புதுக் கணினியின் வட்டை சி, டி என இரண்டாகப் பிரித்துக் கொடுத்து, முக்கியமானவற்றை டியில் வைக்கச் சொல்வார்கள். விண்டோஸை மறுபடி நிறுவும்போது சி அழியும், டி நிற்கும். அந்த அளவில் அது உண்மை. ஆனால் சியும் டியும் ஒரே வட்டின் இரண்டு அறைகள். வீடு எரிந்தால் இரண்டு அறைகளும் எரியும். இதில் இன்னொரு பொறியும் உண்டு. விண்டோஸின் கோப்பு வரலாற்று வசதி, தானாகக் காப்பது ஆவணம், படம் முதலிய வழக்கமான கோப்புறைகளையும் முகப்புத் திரையையும்தான். டியில் தனியே உருவாக்கிய கோப்புறையைப் பயனரே அதில் சேர்க்க வேண்டும். ஆகவே கடைக்காரரின் சொல்லைக் கேட்டு டியில் எழுதியவரின் ஆய்வேடு, ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடிய காப்பில் ஒருநாளும் இடம்பெறாமல் போகலாம். திரையில் வழுச்செய்தி எதுவும் வராது. மீட்கும் நாளில்தான் தெரியும்.

எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். ஒத்திசைவு வேறு, காப்பு வேறு. ஒத்திசைவு என்பது கண்ணாடி. முகத்தில் பட்ட காயம் கண்ணாடியிலும் தெரியும். கணினியில் தவறுதலாக அழித்த கோப்பு மேகத்திலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள்களுக்குமேல் எதையும் வைத்திருப்பதில்லை. நான்காம் அத்தியாயம் எழுதும்போது இரண்டாம் அத்தியாயம் காணாமல் போனதை 30 நாள்களுக்குள் எத்தனை பேர் அறிவார்கள்? மேலும் அந்த இடம் நிரந்தரமன்று. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பின்றி வழங்கிய சேமிப்பிடத்தை நிறுத்தி, நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட் என்னும் அடிப்படை வரம்பை 2021இல் கூகுள் அறிவித்தது. பழைய பயனர்களுக்கு அது 2022இல் நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகம் தந்த மின்னஞ்சல் கணக்கு, பல்கலைக்கழகம் நினைத்தால் மூடக்கூடியது. இரவல் நிலத்தில் கட்டிய களஞ்சியத்தைச் சொந்தக் களஞ்சியம் என்று எண்ணுவது பிழை.

நகல் முழுமையாக இருந்தும் திறக்காமல் போவது வேறொரு வகை. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவும் பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததும் வட்டு தானாகவே குறியாக்கம் பெறுகிறது. திருட்டுக்கு எதிராக அது நல்ல ஏற்பாடு. ஆனால் தாய்ப்பலகை பழுதாகி, வட்டை மட்டும் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டும்போது, 48 இலக்க மீட்புச்சாவி கேட்கப்படும். அச்சாவி அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கோ கணினி வாங்கிய நாளில் கடைக்காரர் அவசரமாகத் தொடங்கிக் கொடுத்ததாக இருக்கக்கூடும்; கடவுச்சொல் எவர் நினைவிலும் இராது. வெளிவன்தட்டிலுள்ள காப்பைக் குறியாக்கம் செய்து, அதன் கடவுச்சொல்லைக் கணினிக்குள்ளேயே எழுதி வைப்பவரும் இதே நிலைக்கு வருவார். பெட்டகத்தின் சாவியைப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டுவதற்கு இது நிகர்.

இவை கணினி அறியாதவர்கள் செய்யும் பிழைகள் என்று ஒதுக்க முடியாது. மென்பொருள் உருவாக்குவோர் தம் மூலநிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று, ஒரு பொறியாளர் தவறான வழங்கியில் கட்டளையிட்டுத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அங்கே ஐந்து வகைக் காப்பு முறைகள் இருப்பதாகக் கருதப்பட்டது. மீட்கப் போனபோது எதுவும் நம்பியபடி இயங்கியிருக்கவில்லை என்பது வெளிப்பட்டது. நாள்தோறும் எடுக்கப்பட்டிருக்க வேண்டிய நகல், பதிப்பு முரண்பாட்டால் எடுக்கப்படவே இல்லை. அதை அறிவித்த எச்சரிக்கை மின்னஞ்சல்களும் உரியவருக்குப் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்குமுன் வேறொரு வேலைக்காக எடுத்திருந்த ஒரு நகல்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போயிற்று. நிறுவனம் நடந்ததை மறைக்காமல் வெளியிட்டது. தேர்ந்த பொறியாளர்கள் நிறைந்த இடத்திலேயே சோதிக்காத காப்பு பொய்த்ததென்றால், விடுதி அறையில் தனியாக அமர்ந்திருக்கும் வரலாற்று ஆய்வாளரைக் கவனமற்றவர் என்று பழிக்க எவருக்கும் தகுதியில்லை.

பழிக்கும் உரிமை எல்லாரையும்விடக் குறைவாக உள்ளது பல்கலைக்கழகங்களுக்குத்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் முதல், முடிந்த ஆய்வேட்டின் மின்வடிவத்தை ஒப்படைப்பது கட்டாயம். காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் அவற்றைச் சோத்கங்கா களஞ்சியத்தில் பேணுகிறது. போற்றத்தக்க பணி. ஆனால் அது கனியை மட்டும் காக்கிறது. 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முனைவர் பட்ட ஆய்வு மூன்று முதல் ஆறு ஆண்டுகள் நடக்கலாம். அந்த ஆண்டுகள் முழுவதும் மரம் நிற்பது ஆய்வாளரின் வீட்டுக் கணினியில். நெட் தேர்வுவழி உதவித்தொகை பெறாத மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளருக்குக் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய். இரண்டு வெளிவன்தட்டு வாங்கினால் அதில் பெரும்பகுதி கரையும். கருவியும் தராமல், பயிற்சியும் தராமல், இழப்பு நேர்ந்தபின் கேள்வி மட்டும் கேட்பது கல்வி நிறுவனத்துக்கு அழகன்று.

மீட்டுப் பார்க்க நேரம் எங்கே என்று கேட்பவர்கள், மீட்பதற்கே நேரமாகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் வழங்கிகள் பணயத் தாக்குதலுக்கு உள்ளாயின. பாதிக்கப்படாத ஒரு காப்பு வழங்கியிலிருந்து மருத்துவமனைத் தரவு மீட்கப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நகல் இருந்தது, நல்ல நகலாகவும் இருந்தது. ஆயினும் நோயாளர் பதிவு உள்ளிட்ட முதன்மைப் பணிகள் திரும்ப ஏறத்தாழ இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை வேலை காகிதத்தில் நடந்தது. ஆய்வேடு ஒப்படைக்க நான்கு நாள் இருக்கையில் கணினி போனால், நகல் இருக்கிறதா என்பதோடு, எத்தனை மணி நேரத்தில் எழுதும் நிலைக்குத் திரும்ப முடியும் என்பதும் முக்கியம். முன்பே ஒருமுறை மீட்டுப் பார்த்தவரால்தான் அதற்கு விடை சொல்ல இயலும்.

சோதித்துப் பார்ப்பதில் ஆபத்து உண்டு என்னும் மறுப்பில் மட்டும் நியாயம் இருக்கிறது. பழைய நகலை அதே கணினியின்மேல் மீட்டால், நேற்று எழுதியதை முந்தைய வாரத்தின் பிரதி விழுங்கிவிடும். ஆகவே மூலத்தின்மேல் ஒருபோதும் மீட்கக் கூடாது. நண்பரின் கணினி ஒன்றும் அரைமணி நேரமும் போதும். காப்புத் தட்டிலிருந்து ஓர் அத்தியாயம், ஒரு ஒலிப்பதிவு, மேற்கோள் தொகுப்பு ஆகியவற்றைப் புதுக் கோப்புறைக்குக் கொண்டுவந்து திறக்க வேண்டும். எழுத்து தெரிகிறதா, ஒலி கேட்கிறதா, கடைசியாகச் சேர்த்த பத்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீட்புச்சாவி காகிதத்தில் எழுதப்பட்டு வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் வெளிவன்தட்டைக் கழற்றி வைக்க வேண்டும்; எப்போதும் செருகியிருக்கும் தட்டையும் பணயத் தாக்குதல் சேர்த்தே பூட்டிவிடும். களத்தகவல் தந்தவர்களின் பெயர்கள் உள்ள கோப்புகளை நண்பரின் கணினியிலிருந்து மறவாமல் நீக்கவும் வேண்டும்.

இதை ஆய்வாளரின் தனி ஒழுக்கமாக விட்டுவிடுவதில்தான் முழுத் தவறும் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப்பின், ஒப்புமை பத்து விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வேடு கேள்விக்கு உள்ளாகிறது. அதைச் சோதிக்க மென்பொருளும் சான்றிதழும் நடைமுறையும் உடனே வந்தன. பிறர் எழுத்து உள்ளே நுழைந்ததா என்று காண இத்தனை விழிப்பு. ஆய்வாளரின் சொந்த எழுத்து வெளியே போய்விடாமல் காக்க எந்த விழிப்பும் இல்லை. பருவம்தோறும் ஆய்வு ஆலோசனைக் குழுவின்முன் ஆய்வாளர் முன்னேற்றத்தை எடுத்துரைக்கிறார். அதே அமர்வில், தம் காப்புநகலிலிருந்து ஒரு கோப்பைத் துறையின் கணினியில் திறந்து காட்டச் சொல்லலாம். திறக்காவிட்டால் தண்டனை வேண்டியதில்லை. திறக்கும்வரை துறை துணை நிற்க வேண்டும். துறைக்கொரு சேமிப்பகமும், அதைப் பேணத் தெரிந்த ஒருவரும் இதற்குப் போதும்.

அவ்வாறு செய்யும் துறையில் “பேக்கப் எடுக்கவில்லையா?” என்னும் கேள்விக்கு இடமிராது. கணினி பழுதான மறுநாள் காலை, அந்த ஆய்வாளர் வேறொரு கணினியின்முன் அமர்ந்து விட்ட வரியிலிருந்து எழுதிக்கொண்டிருப்பார். அதுவரை, இழுப்பறையில் உறங்கும் வன்தட்டுகளைக் காப்பு என்று அழைப்பது மொழிக்கும் உழைப்புக்கும் இழைக்கும் அநீதி.