அச்சமே அவன் மூலதனம்

கந்தளாய்க் குளத்து நீர் பாய்ந்து விளைந்த நெல்லை விற்று, பணம் வங்கிக்கு வந்து சேர்ந்த மறுநாள் கமக்காரர் ஒருவரின் தொலைபேசி ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “இறைவரித் திணைக்களத்திலிருந்து பேசுகிறோம். உமது பெயரில் வரிப்பாக்கி உண்டு. இன்று மாலைக்குள் நாம் கூறும் கணக்கிற் பணத்தைக் கட்டாவிடின் பொலிசார் உமது வாசலுக்கு வருவர்” என்று அதட்டுகிறது ஒரு குரல்.

அக்குரலுக்குரியவன் உத்தியோகத்தன் அல்லன்; திருடன். அவன் கையிற் கத்தியில்லை, துவக்கில்லை. நமது அச்சமே அவனுடைய மூலதனம்!

இதனை மிகை என எண்ணுவோர் மும்பையை அடுத்த மீரா ரோட்டில் நடந்ததை நினைவிற் கொள்க. 2016 ஒக்டோபரில் அங்கு பொலிசார் புகுந்தபோது எழுநூறுக்கு மேற்பட்டோர் தடுத்து விசாரிக்கப்பட்டனர். அமெரிக்க வரி அதிகாரிகள் போல் நடித்து அந்நாட்டு மக்களைத் தொலைபேசியில் மிரட்டிப் பணம் பறிப்பதே அங்கு நடந்த தொழில். இத்தகைய மோசடியில் ஈடுபட்டோருக்கு 2018 ஜூலையில் அமெரிக்க நீதிமன்றம் இருபது ஆண்டு வரை சிறை விதித்தது. அவர்கள் தேடிப் பிடித்த இரைகள் யார்? முதியோரும் குடியேறி வாழ்வோருமே. அரசாங்கத்தின் முறைகளை அறியாதவன் அதன் பெயரைக் கேட்டதும் நடுங்குவான் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

நமது நாட்டில் அந்நடுக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. பதினெட்டு வயது நிரம்பியோர் வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் பெறவேண்டும், தவறினால் 50,000 ரூபா வரை தண்டம் என்ற அறிவித்தல் 2024இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. இலக்கம் பெற்றவர் எல்லோரும் வரி கட்ட வேண்டுமென்பது அதன் பொருளன்று. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்குத் தனியாள் வரி நிவாரணம் உண்டு. பதிவுக்குக் கட்டணமும் இல்லை. இவ்வுண்மைகளை அறிந்தவரிடம் “இலக்கம் எடுத்துத் தருகிறேன், ஐயாயிரம் தாரும்” என்று எவனும் வந்து நிற்க முடியுமா?

கற்றவர் ஏமாறார் என்பதும் வெறும் எண்ணமே. கணக்கை ஒழுங்காக எழுதிவையாத மருத்துவரும் சட்டத்தரணியும், எங்கோ பிழை நேர்ந்துவிட்டதோ என்ற ஐயத்தில், கமக்காரரினும் விரைவாகப் பணத்தை நீட்டுவர். நேரிய கணக்கே முதற் காவல்.

போலியை அறியும் வழி எளிது. உண்மையான வரி மதிப்பீடு எழுத்தில் வரும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டப்படி அதனை மறுத்து மீளாய்வு கோர 30 நாள் அவகாசம் உண்டு. மாலைக்குள் கட்டு என்று விரட்டுவது சட்டமன்று, கொள்ளை. வரிப்பணம் தனியார் ஒருவரின் கணக்குக்குச் செல்வதில்லை. வங்கியிலிருந்து தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எந்த உத்தியோகத்தரும் கேட்பதில்லை. ஐயம் எழுந்தால் அழைப்பைத் துண்டித்து, திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்தை நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

மக்களுக்கு இவ்வளவு கூறும் நாம் அரசாங்கத்துக்கும் ஒன்று கூறவேண்டும். 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாயிற்று. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றது. 1988இன் 16ஆம் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிர்வாக மொழி என்றது. ஏட்டில் உள்ள அவ்வுரிமை கடித உறையினுள்ளும் இருக்கவேண்டாமா? உண்மைக் கடிதத்தையே வாசிக்க அயலவரின் உதவியை நாடுபவர், போலிக் கடிதத்தை எங்ஙனம் பிரித்தறிவார்? தமிழ்க் குடிமகனுக்குத் தமிழில் அனுப்பப்படும் ஒவ்வொரு அறிவித்தலும் மோசடிக்காரனின் வாயை அடைக்கும்.

வரி கட்டுவது குடிமகனின் கடமை. அதனைப் புரியும் மொழியிற் கேட்பது அரசின் கடமை. அதுவரை, அதட்டும் குரலுக்கு நாம் அளிக்கவேண்டிய மறுமொழி ஒன்றே: “எழுத்தில் அனுப்பும், தமிழில் அனுப்பும்!”