கேட்டால்தான் பதில்

சென்ற வாரம் வாக்கிங் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது நண்பர் ஒருவர் சொன்னார்: "மெஷின் சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். அதுக்கு நம்ம மேல விரோதமா என்ன?" விரோதம் இல்லைதான். ஆனால் மெஷினை எப்போது பார்க்கச் சொல்லியிருக்கிறோம் என்பது முக்கியம். இதை நான் கற்றுக்கொண்டது ஓய்வுபெற்ற பிறகுதான்.

முப்பது வருடம் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்த்தவனுக்கு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஆலோசகராகப் போய்வந்தேன். அங்கே சரக்கு வெளியேறும் வாசலில் ஒரு ஆர்.எஃப்.ஐ.டி. ரீடர் மாட்டியிருந்தார்கள். நம் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் இதே ஜாதிதான். ஒட்டியிருக்கும் சில்லில் பேட்டரி கிடையாது. ரீடரின் ரேடியோ அலை பட்டதும் விழித்து, தன் எண்ணைச் சொல்லும். சில மீட்டர் தள்ளியிருந்தாலும் சொல்லும். சிக்கலே அதில்தான்.

அந்த ரீடரை இரவும் பகலும் ஓயாமல் படிக்கும்படி வைத்திருந்தார்கள். ஒருநாள், ஒரு பேலட் சரக்கு லாரியில் ஏறிவிட்டது என்றது கம்ப்யூட்டர். வாங்குபவரோ வரவில்லை என்றார். டிஸ்பாட்ச் குமாஸ்தாவுக்கு மெமோ போனது. ஆறு மாதத்தில் ரிடையர் ஆக வேண்டிய மனிதர். "மெஷின் போச்சுன்னு சொல்லுது, நீ இல்லைங்கிறியா?" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்?

நான் சில் ஒட்டிய ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாசலுக்கு உள்பக்கமாக இரண்டு மீட்டர் தள்ளி நின்றேன். 'வெளியேறியது' என்று திரையில் விழுந்தது. நான் வாசலைத் தாண்டவே இல்லை! அந்த பேலட்டும் அப்படித்தான். வாசல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே திரும்பியிருக்கிறது. நான்காம் நாள் ஒரு ரேக்கின் பின்னாலிருந்து கிடைத்தது.

இதற்கு மருந்து ரீடரிலேயே இருக்கிறது. அதன் பின்பக்கம் இன்புட் முனைகள் உண்டு. வாசலின் குறுக்கே முன்னும் பின்னுமாக இரண்டு ஒளி சென்சார்களை வைத்து அவற்றில் இணைத்தோம். கதிர் மறைந்தால் படிக்க ஆரம்பி, சில விநாடிகளில் நிறுத்து. உள்சென்சார் முதலில் மறைந்தால் சரக்கு வெளியே போகிறது, வெளிச்சென்சார் முதலில் மறைந்தால் உள்ளே வருகிறது. கை பட்டோ பூச்சி பறந்தோ ஒரு கணம் மறைந்தால் கணக்கில் எடுக்காதே. இவ்வளவுதான் அமைப்பு. இது யாருடைய தனிக் கண்டுபிடிப்பும் அல்ல. ரீடர்களுக்கான எல்.எல்.ஆர்.பி. என்ற பொது நெறிமுறையிலேயே, உடனே தொடங்கு, இத்தனை நேரத்துக்கு ஒருமுறை தொடங்கு, இன்புட் வந்தால் தொடங்கு என்று மூன்று வழிகளும் இருக்கின்றன.

ரீடரை மாட்டிய கம்பெனியின் இளைஞர் ஒப்புக்கொள்ளவில்லை. "சார், சென்சார் கெட்டுப்போனா எதுவுமே பதிவாகாது. எப்பவும் படிச்சுக்கிட்டே இருந்தா எதுவும் தப்பாது" என்றார். அவர் பயத்திலும் நியாயம் உண்டு. சென்சார் கண்ணாடியில் தூசி படியும், கம்பி அறுந்துபோகும். அதனால்தான் கதிர் தெரியும்வரை சிக்னல் இருக்கும்படியும், மறைந்தால் சிக்னல் போகும்படியும் இணைத்தோம். கம்பி அறுந்தாலும் யாரோ குறுக்கே வந்ததுபோல் ரீடர் விழித்துக்கொள்ளும். எண் எதுவும் வராவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். ஆளில்லா வாசலில் சிவப்பு எரிந்தால் யாராவது போய்ப் பார்ப்பார்கள்.

எதுவும் தப்பாது என்று அவர் சொன்னதைத்தான் நான் மறுக்கிறேன். ஓயாமல் படிக்கும் ரீடருக்கு, தான் எதைத் தவறவிட்டோம் என்பதே தெரியாது. சில் கிழிந்த பேலட் ஒன்று அதன் முன்னால் போனால் அதற்கு எதுவும் போகவில்லை. சென்சார் தட்டி எழுப்பும் ரீடரோ, "யாரோ வந்தார்கள், ஆனால் பெயர் சொல்லவில்லை" என்று புகார் சொல்லும். கேள்வி கேட்டால்தானே பதில் வரவில்லை என்பதும் தெரியும்?

மெமோ எழுத்தில் வந்தது, வாபஸ் வாயால் வந்தது. அதையும் எழுத்தில் கொடுக்கும்படி நான் இரண்டு முறை மேனேஜர் அறைக்குப் போனேன். மூன்றாம் முறை கொடுத்தார்கள். குமாஸ்தா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மெஷினுக்கும் ஒரு மெமோ கொடுக்கச் சொல்லுங்க சார்" என்றார்.

மெஷினுக்கு மெமோ வேண்டாம். அது சொன்னதை வைத்து ஒருவர் மேல் பழி போடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இது எப்போது பார்க்கத் தொடங்குகிறது? எப்போது நிறுத்துகிறது? பார்த்தும் ஒன்றும் தெரியாவிட்டால் யாரிடம் சொல்கிறது? உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இந்த வேலையில் இருந்தால் அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.