லீவர் துப்பாக்கிக்கு எந்தக் கண்ணாடி?

லீவர் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கிக்குப் பெரிய ஸ்கோப் வேண்டாம், சின்னதே போதும் என்பது என் கட்சி. 1972-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் போட்ட நாட்டில், உப்பிலியபுரத்துத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு இந்த ஆளுக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

காரணம் என் தங்கை மகன். இருபது வருஷமாக அமெரிக்காவில், விஸ்கான்சினில் இருக்கிறான். அங்கே நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் மான் வேட்டைக்கு அரசாங்கமே சீட்டு கொடுக்கிறது. கூட வேலை செய்பவர்களோடு போய்ப் பழகிவிட்டான். இப்போது சொந்தமாக மார்லின் 336 என்ற லீவர் துப்பாக்கி வாங்கியிருக்கிறான். "மாமா, லைசென்ஸ் ஃபைல் எல்லாம் பார்த்தவராச்சே, எந்த ஸ்கோப் போடலாம் சொல்லுங்க" என்று போனில் கேட்டான். வருவாய்த்துறையில் நான் பார்த்ததெல்லாம் ஃபைல். புதுப்பிக்க வரும் நாட்டுத்துப்பாக்கிகள், ரெட்டைக்குழல்கள், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீதுகள், இவ்வளவுதான். சுட்டது என்று சொன்னால் கல்லூரியில் என்.சி.சி. முகாமில் சுட்டதுதான். ஆனாலும் கென்னத் ஆண்டர்சனை ஐம்பது வருஷமாகத் திரும்பத் திரும்பப் படித்தவன் என்ற தைரியத்தில் அவனிடம் ஒரு மணி நேரம் பேசினேன். பேசியதை இங்கே எழுதுகிறேன்.

ஆண்டர்சன் பெங்களூர்க்காரர். 1910-ல் பிறந்து 1974-ல் இறந்தார். நம் பழைய சேலம் ஜில்லாக் காடுகள், ஜவளகிரி, பென்னாகரம் பக்கமெல்லாம் அவர் கால் படாத இடம் குறைவு. அவர் கையில் இருந்தது வின்செஸ்டர் 1895 மாடல், .405 தோட்டா போடும் லீவர் துப்பாக்கி. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போனதும் இதே வகைதான். ட்ரிக்கருக்குக் கீழே வளையம் மாதிரி இருக்கும் பிடியை முன்னால் தள்ளி இழுத்தால் சுட்ட கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். அவர் கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், துப்பாக்கியில் டார்ச் லைட்டைப் பொருத்திக்கொண்டு இருட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். சிறுத்தை வரும்போது தூரம் என்று பார்த்தால் நம் வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் உள்ள தூரம்தான். அந்த இடத்தில் ஸ்கோப் இருந்தால் கண்ணுக்குள் வெறும் ரோமம்தான் தெரியும். தலையா வாலா என்று தேடுவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

அப்படியானால் ஸ்கோப்பே வேண்டாமா? அப்படியும் நான் சொல்லவில்லை. இங்கேதான் நம் வயசுக்காரர்களுக்குப் புரிகிற விஷயம் வருகிறது. வெறும் துப்பாக்கியில் பின்னால் ஒரு வெட்டு, முனையில் ஒரு மணி, தூரத்தில் இலக்கு என்று மூன்றையும் ஒரே கோட்டில் பார்க்க வேண்டும். இருபது வயசில் கண் மூன்றுக்கும் தாவித்தாவிச் சமாளிக்கும். நாற்பத்தைந்து தாண்டி வெள்ளெழுத்து வந்தபின் பின்வெட்டு பஞ்சுமாதிரி கலங்கிப்போகும். ஸ்கோப்பில் இந்தச் சிக்கல் கிடையாது. குறிக்கம்பியும் மானும் ஒரே தளத்தில் தெரியும். என் மருமகனுக்கு வயசு ஐம்பத்தொன்று. அவனுக்குக் கண்ணாடி வேண்டியதுதான். எவ்வளவு பெரிசு என்பதில்தான் தகராறு.

கடைக்காரர் அவனுக்கு 3-9x40 ஒன்றைக் காட்டியிருக்கிறார். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், முன் கண்ணாடி 40 மில்லிமீட்டர் என்று அர்த்தம். நல்ல சாமான்தான், நீளக்குழல் போல்ட் துப்பாக்கிக்கு. அவன் துப்பாக்கி போடுவது .30-30 தோட்டா. 1895-ல் வந்த பழைய ரகம். குழாய் மேகசினில் ஒன்றன் பின் ஒன்றாகத் தோட்டா இருப்பதால், முன் தோட்டாவின் பின்புறத்தில் இடித்து வெடித்துவிடாமலிருக்க மூக்கைத் தட்டையாகவே வைப்பார்கள். தட்டை மூக்கு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். 100 கஜத்தில் குறி சரிசெய்தால் 200 கஜத்தில் சுமார் 8 அங்குலம் கீழே போகும். ஆக இது 150, மிஞ்சினால் 200 கஜத்துச் சாமான். அதற்கு ஒன்பது மடங்கு எதற்கு? மாட்டு வண்டிக்கு வேகமானி மாட்டுவது மாதிரிதான்.

பெரிதாக்கப் பெரிதாக்கப் பார்வை அகலமும் சுருங்கும். நான்கு மடங்கில் 100 கஜத்தில் தோராயமாக 30 அடி அகலம் தெரிந்தால், ஒன்பதில் பாதிகூடத் தெரியாது. மரங்களுக்கு நடுவே ஓடுகிற மானை அந்தப் பொந்துக்குள் பிடிப்பது கஷ்டம்.

வெளிச்சக் கணக்கு இன்னும் சுவாரசியம். முன் கண்ணாடியின் அளவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 32-ஐ 4-ஆல் வகுத்தால் 8 மில்லிமீட்டர். 40-ஐ 9-ஆல் வகுத்தால் நாலரைகூட இல்லை. இருட்டில் இளைஞர் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். நமக்கெல்லாம் 5 விரிந்தால் பெரிசு. அதனால் 50, 56 மில்லிமீட்டர் முன் கண்ணாடிக்குக் கொட்டிக் கொடுக்கும் காசில் பாதி, நம் கண்ணுக்குள் போகாமல் கன்னத்தில் விழுகிறது. அந்தக் காசில் முதலில் புரை ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றேன். சிரித்தான்.

அடுத்தது மாட்டுகிற விவகாரம். பழைய வின்செஸ்டர் 94-ல் சுட்ட கூடு நேர் மேலே எகிறும். நடுவில் ஸ்கோப் வைத்தால் அதில் போய் இடிக்கும். அதனால் பக்கவாட்டிலோ, குழலின் மேல் வெகு முன்னாலோ வைத்துப் பார்த்தார்கள். 1980-களில் கூட்டைச் சாய்வாகத் தள்ளும்படி மாற்றிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. மார்லின் 336-ல் 1948-லிருந்தே பக்கவாட்டில்தான் தள்ளும், மேல்பாகம் கட்டியாக மூடியிருக்கும். அந்த வகையில் மருமகன் தப்பித்தான்.

ஆனால் தப்பாத ஒன்று உண்டு, குதிரை. லீவர் துப்பாக்கியில் குதிரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுடாமல் திரும்பும்போது கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். மேலே ஸ்கோப்பின் பின்பாகம் அடைத்துக்கொண்டு நின்றால், அதுவும் குளிரில் கையுறை போட்ட விரல் வழுக்கினால், குண்டு போய்விடும். பக்கவாட்டில் நீட்டுகிற சின்னக் கொம்பு ஒன்று தனியாகக் கிடைக்கிறது. குறைந்த விலைதான். ஸ்கோப் வாங்குகிற அன்றே அதையும் வாங்கு, மாட்டாமல் தோட்டா போடாதே என்று சத்தம் போட்டே சொன்னேன். கடையில் இதைச் சொல்லவில்லையாம்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். உதைக்கும் துப்பாக்கியில் அது குறைந்தால் புருவத்தில் பிறைநிலா வாங்கிக்கொள்ளலாம்.

ஆக என் தீர்ப்பு, நிலையான நான்கு மடங்கு, அல்லது 2-7x32. காட்டில் நடக்கும்போது இரண்டில் வைத்துக்கொள்வது. இன்னும் இளங்கண் உள்ளவர்களுக்குப் பின்னால் வட்டத் துளை வைத்த இரும்புக் குறியே போதும். அதன் வழியாகப் பார்த்தால் கண் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். எடையும் கூடாது.

பெரிய ஸ்கோப் கட்சிக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: தூரத்தில் அசைவது என்ன என்று அடையாளம் காண உதவுமே? இதற்குத்தான் எனக்குக் கோபம் வரும். ஸ்கோப் வழியாக என்னவென்று பார்ப்பது என்றால், என்னவென்று தெரியாத ஒன்றின்மேல் குண்டு போட்ட துப்பாக்கியை நீட்டுவது. அது புல்லுக்கட்டுத் தூக்கி வரும் பெண்ணாக இருக்கலாம். அடையாளம் காணக் கழுத்தில் பைனாகுலர் தொங்கட்டும். அமெரிக்காவில் ஆரஞ்சுச் சட்டை போடவேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். காட்டுப்பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்தி நம் பத்திரிகைகளிலும் அவ்வப்போது வருகிறது. சோளக்காட்டுக்குள் இரவில் காவல் இருப்பவன் ஆரஞ்சுச் சட்டையா போட்டிருப்பான்?

பன்றி என்றதும் நம் ஊர்க் கதைக்கு வந்துவிடுகிறேன். மக்காச்சோளம் போட்டவர்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரிந்ததே. 2025 ஜனவரியில் சட்டசபையில் அரசு அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடுவது, அதற்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். கேரளாவில் 2022-லேயே உள்ளாட்சித் தலைவர்களிடம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள். கேரள வழி இங்கே வேண்டாம் என்பேன். ஊராட்சித் தலைவருக்கு ரோடு, தண்ணீர், தெருவிளக்கு போதும். யார் காட்டில் முதலில் சுடுவது என்ற பஞ்சாயத்து அவருக்கு எதற்கு?

வனத்துறையே செய்யட்டும். ஆனால் இரவில் சுடப்போகிறவருக்கு இருட்டிலும் உடல் சூட்டைக் காட்டும் கருவியும், குறிபார்க்கும் பயிற்சியும், முன்கூட்டியே ஊருக்குத் தண்டோராவும் வேண்டும். திருச்சியிலேயே 1966-லிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது, துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. பார்ப்பதற்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. சோபனபுரம் பக்கம், பச்சமலையை ஒட்டிய கொல்லைகள் பலவும் அந்த முதல் கிலோமீட்டருக்குள்தான் வருகின்றன. அங்கே துப்பாக்கிப் பேச்சே கிடையாது. அந்தக் கொல்லைக்காரர்களுக்குப் பயிர்ச்சேத இழப்பீடாவது தாமதமில்லாமல் கைக்கு வரட்டும். மனு எழுதத் தெரியாதவர்கள் காலை பத்து மணிக்குமேல் என் வீட்டுக்கு வரலாம், எழுதித் தருகிறேன். பட்டா நகலும், சேதத்தின் போட்டோவும் கையோடு கொண்டு வாருங்கள்.