வீட்டுக்குள் வரட்டும் இந்தச் சீட்டுக்கட்டு!

"சீட்டா? வீட்டுக்குள்ளயா?" சேலம், நாமக்கல் பக்கம் எந்த வீட்டிலும் இந்தப் பேச்சை எடுத்ததும் முதலில் முகம் சுளிப்பவர் அப்பாயியாகத்தான் இருப்பார். அதில் தப்பும் இல்லை. சீட்டு என்றால் ஊர்க்கோடி மரத்தடி, காசு வைத்து ஆடும் கூட்டம், விடிந்த பிறகு வீடு திரும்பும் ஆண்கள். அவர் தலைமுறைப் பெண்கள் பார்த்தது அதைத்தான். பிறகு அதே சீட்டு செல்போனுக்குள் புகுந்து, ஆன்லைன் ரம்மியாக மாறி, குடும்பங்களைக் கடனில் தள்ளியது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்க 2023-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆனால், அதே அப்பாயியை இரண்டு நாளில் பாயை விரித்து உட்கார வைத்துவிடும் ஒரு சீட்டுக்கட்டு இருக்கிறது. அதில் ராஜாவும் ராணியும் கிடையாது, காசும் கிடையாது. மேச்சேரி ஆடும் காங்கயம் காளையும் நாட்டுக்கோழியும் இருக்கும். கடையில் தேட வேண்டாம், வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

விலங்குகள் நம் ஆட்டத்துக்குப் புதிதல்ல

விலங்கை வைத்து ஆடும் ஆட்டம் தமிழ்நாட்டுக்குப் பழகிப்போன ஒன்று. ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு, கட்டத்தில் 23 புள்ளிகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் ஒன்றுசேர்ந்து புலியை நகர விடாமல் அடைக்கும். பல கோயில்களின் கல்தரையில் இந்தக் கட்டத்தை இன்றும் பார்க்கலாம். பலமுள்ளவனைப் பலமில்லாதவர்கள் ஒற்றுமையால் மடக்கலாம் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு எளிதாகச் சொன்னதில்லை.

சீட்டிலும் அப்படித்தான். பழைய கஞ்சிஃபா சீட்டுகளில் தசாவதார வகை ஒன்று உண்டு. வட்டமான, கையால் வரைந்த 120 சீட்டுகள். பத்து அவதாரத்துக்கும் பன்னிரண்டு பன்னிரண்டாக. அதிலும் மீன், ஆமை, பன்றி என்றுதான் வரிசை தொடங்கும்.

இன்றைய அப்பா அம்மாக்களுக்கு வேறொரு சீட்டு நினைவுக்கு வரும். மல்யுத்த வீரர்களின் படம் போட்ட 'ட்ரம்ப் கார்டு'. உயரம், எடை, ரேங்க் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அடுத்தவன் சீட்டைப் பிடுங்கிய கோடை விடுமுறைகளை 90-களின் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். யாருக்கு எத்தனை கிலோ என்பது எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஜெயிக்க வேண்டும் என்ற ஆசைதான் சொல்லித் தந்தது.

அந்த ஆசையை நம் ஊர் ஆடு மாடு பக்கம் திருப்பினால் என்ன என்பதுதான் யோசனை.

வரிக்குதிரை தெரியும், வெள்ளாடு தெரியாது

மூன்று வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தரும் படச் சீட்டுகளில் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, பென்குயின் எல்லாம் இருக்கின்றன. பிள்ளையும் படத்தைக் காட்டியதும் ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்கிறது. அதே பிள்ளை பேருந்து ஜன்னல் வழியே ஒரு மந்தையைப் பார்த்தால் செம்மறி எது, வெள்ளாடு எது என்று தடுமாறும்.

இத்தனைக்கும் இது கால்நடை பூமி. மேச்சேரி ஆடு என்று ஓர் இனமே சேலம் மாவட்டத்து ஊரின் பெயரில் இருக்கிறது. செம்மறிதான், ஆனால் கம்பளி கிடையாது, கிடாவுக்கும் கொம்பு கிடையாது. இதன் தோலுக்குத் தோல் தொழிலில் தனி மதிப்பு. பக்கத்துப் பொட்டனேரியில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சேலம் கருப்பு என்று வெள்ளாட்டிலும் ஓர் இனம் உண்டு. நாமக்கல் முட்டைக்கு அறிமுகமே தேவையில்லை. 1985-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதே ஊரில்தான். இவ்வளவையும் சுற்றி வைத்துக்கொண்டு நம் பிள்ளை பென்குயினில் தொடங்குவானேன்?

முப்பது சீட்டு, ஒரு முட்டை அட்டை

எல்லார் வீட்டுப் பரணிலும் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கிடக்கும். நல்ல கெட்டி அட்டை. பத்திரிகையில் சாமி படமோ, சொந்தக்காரர் பெயரோ இருந்தால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு, உள்ளங்கை அளவில் முப்பது துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். படத்துக்கு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் விலங்குகள் சார்ட் போதும். சார்ட்டில் இல்லாததைப் பிள்ளையே வரையட்டும். கோணல்மாணலாக வந்தாலும் அந்தச் சீட்டுக்குத்தான் வீட்டில் மவுசு அதிகம் இருக்கும்.

முதல் பத்து, வீட்டைச் சுற்றி: மேச்சேரி ஆடு, சேலம் கருப்பு ஆடு, காங்கயம் மாடு, பர்கூர் மாடு, ஆலம்பாடி மாடு, எருமை, நாட்டுக்கோழி, நாய், பன்றி, கழுதை.

இரண்டாவது பத்து, காட்டிலும் கரட்டிலும்: யானை, காட்டு மாடு, புள்ளிமான், குரங்கு, நரி, முயல், கீரி, உடும்பு, மயில், தேவாங்கு.

மூன்றாவது பத்து, தோட்டத்திலும் வரப்பிலும்: காகம், குயில், மைனா, செம்போத்து, ஆந்தை. மீதி ஐந்தும் பாம்புகள். அதற்குக் காரணம் உண்டு, கடைசியில் வரும்.

முட்டை அட்டையிலும் முப்பது குழி. அதுதான் மதிப்பெண் பலகை. ஒரு சீட்டு ஜெயித்தால் ஒரு குழியில் ஒரு புளியங்கொட்டை. எண்ணுப் பாடம் தானாக நடக்கும். பழைய அட்டையில் கோழி எச்சம் ஒட்டியிருக்கும், அதனால் புதிய அட்டையாக வாங்குங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை பக்கத்தில் இருந்தால் புளியங்கொட்டை வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். பெரிய பாட்டில் மூடிகளை வைத்துக்கொள்ளலாம்.

வயதுக்கு ஏற்ற ஆட்டம்

மூன்று, நான்கு வயது: ஜோடி சேர்த்தல். எட்டு விலங்குகளுக்கு மட்டும் கூடுதலாகக் குட்டிச் சீட்டு செய்து, பதினாறையும் கவிழ்த்து வையுங்கள். இரண்டு இரண்டாகத் திருப்பித் தாயையும் பிள்ளையையும் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் பெயர் சொல்ல வேண்டும். மாட்டுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு, கீரிக்குப் பிள்ளை. இளமைப் பெயர்களுக்கென்றே தொல்காப்பியத்தின் மரபியலில் இடம் இருக்கிறது. "பேபி கோட்" என்று சொல்லிப் பழகிய வாய்க்கு 'மறி', 'பறழ்' எல்லாம் புதுப் பொம்மை மாதிரி இனிக்கும்.

ஐந்து, ஆறு வயது: குரல் ஆட்டம். சீட்டை எடுத்தவர் படத்தைக் காட்டாமல் குரல் மட்டும் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் விலங்கையும் சொல்ல வேண்டும், குரலுக்கான சொல்லையும் சொல்ல வேண்டும். நாய் குரைக்கும், நரி ஊளையிடும், யானை பிளிறும், மயில் அகவும், காகம் கரையும், ஆந்தை அலறும். பரீட்சையில் 'ஒலி மரபு' என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு வருவது இதுதான். அப்பா கழுதை மாதிரி கத்திக் காட்டினால் அந்தப் பாடம் பிள்ளைக்கு ஆயுசுக்கும் மறக்காது.

ஏழு வயதுக்கு மேல்: ட்ரம்ப் ஆட்டம். விலங்குச் சீட்டுகளில் மூன்று எண்கள் எழுதுங்கள்: எடை, சுமக்கும் நாள், ஒரு ஈற்றில் எத்தனை குட்டி. கோழிக்கு மட்டும் சுமக்கும் நாளுக்குப் பதில் அடைகாக்கும் நாள், குட்டிக்குப் பதில் குஞ்சு. பறவைகளையும் பாம்புகளையும் முதலில் சேர்க்க வேண்டாம். ஆட்டம் பழகியபின் அவற்றுக்கு வேறு எண்கள் யோசிக்கலாம்.

அப்பாயி ஜெயிக்கும் இடம்

இந்த 'சுமக்கும் நாள்' வந்ததும் ஆட்டத்தின் போக்கே மாறிவிடும். அதுவரை செல்போனில் தேடிப் பார்க்கிறேன் என்று சொன்ன அப்பா அமைதியாகிவிடுவார். திண்ணையில் இருந்து குரல் வரும்: "ஆட்டுக்கு அஞ்சு மாசம் சாமி, இது தெரியாதா?"

ஆடு ஏறக்குறைய 150 நாள். பசு 280, எருமை 310. நாய்க்கு இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூட. கழுதைக்கு ஒரு வருடம். யானைக்குக் கிட்டத்தட்ட 22 மாதம். கோழி அடைகாப்பது 21 நாள். பன்றிக்கு 114 நாள், அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். வாய்ப்பாடு மாதிரி சொல்லிப் பார்த்தால் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஆடு மாடு வைத்துப் பிழைத்த குடும்பத்தில் இதெல்லாம் விரல் நுனிக் கணக்கு. பள்ளிக்கூடம் போகாத கிழவிகூடச் சினை பார்த்த நாளில் இருந்து எண்ணிச் சரியாகத் தவிட்டுத் தண்ணியோடு காத்திருப்பார். அந்தக் கணக்கைக் கேட்க இன்று வீட்டில் ஆள் இல்லை. மகன் லாரியில், மருமகள் வேலைக்கு, பேரன் வீட்டுப்பாடத்தில். மார்க்குக்குப் பேர் போன மாவட்டத்தில் அப்பாயிக்குத் தெரிந்த எதுவும் சிலபஸில் இல்லை. ஒரு சீட்டுக்கட்டு அதைச் சிலபஸில் சேர்த்துவிடுகிறது. எண்ணில் சந்தேகம் வந்தால் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் பிள்ளையையே கூட்டிக்கொண்டு போய்க் கேட்கலாம்.

இன்னொரு பாடமும் உண்டு. எடையில் யானையை யாரும் அடிக்க முடியாது. சுமக்கும் நாளிலும் முடியாது. ஆனால் 'எத்தனை குட்டி' என்று கேட்டால் யானைக்கு ஒன்றுதான். பன்றி எட்டு, பத்து என்று அடுக்கி யானையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அடைவைத்த நாட்டுக்கோழியும் அப்படித்தான். தன் கையில் உள்ள சீட்டுக்கு எது பலம் என்று பார்த்துக் கேட்கத் தெரிந்த பிள்ளை ஜெயிக்கும். வகுப்பில் முதல் ரேங்க் வாங்காத பிள்ளைக்கும் தனக்கென்று ஒரு எண் இருக்கிறது என்று சொல்லாமல் சொல்கிறது இந்த ஆட்டம்.

சீட்டின் பின்பக்கத்தில் ஒரு சேதி எழுதலாம். காங்கயம் கன்று சிவப்பாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். ஏற்காட்டு மலைப்பக்கம் காணும் காட்டு மாட்டைக் 'காட்டெருமை' என்கிறோம், உண்மையில் அது மாட்டு இனம், எருமை அல்ல. குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் வைக்கும். இரவில் பூச்சி தின்னும் தேவாங்குக்கென்று இந்தியாவின் முதல் சரணாலயம் 2022-ல் நமக்குப் பக்கத்துக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூரில் அறிவிக்கப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டுக்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏற்காடு அடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போனால், எந்தச் சீட்டுக்கு உயிர் இருக்கிறது என்று பிள்ளைகளே தேடுவார்கள்.

அந்த ஐந்து சீட்டுகள்

இனி பாம்புகளுக்கு வருவோம். நிலக்கடலைக் காடு, மரவள்ளித் தோட்டம், வைக்கோல் போர், கோழிப்பண்ணைத் தீவன மூட்டை. எலி வரும் இடமெல்லாம் பாம்பும் வரும். உயிரைப் பறிக்கும் கடிகளில் பெரும்பாலானவை நான்கு பாம்புகளுடையவை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். சில நேரம் வலியே தெரியாது. கண்ணாடி விரியன் குக்கர் விசில் மாதிரி சீறும். அதைக் குட்டி மலைப்பாம்பு என்றோ, மண்ணுளி என்றோ நினைத்துக் கையில் எடுத்தவர்கள் உண்டு. ஐந்தாவது, சாரை. விஷமில்லாதது, எலியைத் தின்று வெள்ளாமையைக் காப்பது.

இந்த ஐந்துக்கும் ஆட்டத்தில் ஒரே விதி. பாம்புச் சீட்டு விழுந்ததும் எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் நகர்ந்து, "பாம்பு!" என்று பெரியவரைக் கூப்பிட வேண்டும். முதலில் கூப்பிட்டவருக்கு ஒரு கொட்டை. சீட்டைத் தொட்டவருக்கு ஒரு கொட்டை நட்டம். சாரைதானே என்று தொட்டாலும் நட்டம்தான். ஏனென்றால் இந்தச் சீட்டு கற்றுத்தர வேண்டியது பாம்பை அடையாளம் காண்பதை அல்ல, விலகி நிற்பதை. வீட்டுக்குள் நிஜமாகவே வந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடலாம்.

பெரியவர்களுக்கும் ஒரு விதி சீட்டின் பின்னால் இருக்கட்டும். கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது, மந்திரத்துக்குக் காத்திருக்கக் கூடாது. கடிபட்டவரை அசையவிடாமல், 108-க்கு அழைத்து, நேராக மருத்துவமனை. நான்கு பாம்புக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை.

நாய்ச் சீட்டின் பின்னாலும் அப்படி ஒன்று வேண்டும். கடித்தாலோ கீறினாலோ குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசி. அடி விழும் என்று பயந்து நாய்க்கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. ஆட்டத்தில் பத்து முறை சத்தமாகச் சொல்லிப் பழகிய பிள்ளை வீட்டில் மறைக்காது.

மாலை ஏழு மணி

இதற்கு ஒரு நாளில் இருபது நிமிடம் போதும். இரவுச் சாப்பாட்டுக்கு முன், டிவியை அணைத்துவிட்டு, பாயை விரித்து ஆடலாம். முதல் நாள் பிள்ளை செல்போனைக் கேட்டு அழலாம். இரண்டாம் நாள் தோற்றதற்கு அழலாம். இரண்டாவது அழுகை வந்துவிட்டால் நல்லது, ஆட்டம் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் பாய் விரிக்கும் முன்பே திண்ணையில் இருந்து ஒரு கேள்வி வரும்: "ஏஞ்சாமி, இன்னிக்குச் சீட்டுப் போடலையா?"