ஒரு கோப்பை மீட்கப்போய்



உங்களில் அநேகருடைய பிள்ளைகள் மென்பொருள் வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் நாவில் அடிக்கடி வருகிற ஒரு பெயர் ‘கிட்’. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் உண்டாக்கியது. ‘கமிட்’ செய்யும் ஒவ்வொரு வேளையிலும் கோப்புகள் இருந்த நிலை அப்படியே பதிவாகிறது. பின்பு எந்தப் பதிவிலிருந்தும் பழையதை எடுத்துக்கொள்ளலாம்.

அந்தமானில், டாலிகஞ்சில் குடியிருக்கும் தம்பி ஒருவர் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறார். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் திறக்கப்படுமுன் அந்தத் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. கிட்டிலோ முழுச் சரித்திரமும் அவரவர் கணினியிலேயே இருக்கும். பழைய பதிப்பை எடுக்க இணையம் தேவையில்லை. தீவில் வாழ்கிறவருக்கு இது சிறிய காரியமா?

ஓர் இரவு அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரல் நடுங்கிற்று. “பாஸ்டர், மூன்று நாள் வேலை போய்விட்டது. காலையில் ஒப்படைக்கவேண்டும்” என்றார்.

நடந்தது இதுதான். கெட்டுப்போன ஒரே கோப்பை மீட்க நினைத்தவர், ‘ரீசெட் ஹார்டு’ என்னும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். அது கமிட் செய்யாதிருந்த வேறு மூன்று கோப்புகளின் மாற்றங்களையும் துடைத்துப்போட்டது. ஒரு கோப்புக்கு மாத்திரம் என்றால் ‘ரிஸ்டோர்’ இருக்கிறது. 2019-இல் வந்த கட்டளை. எந்தப் பதிவிலிருந்து, எந்தக் கோப்பு என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். ஆயினும் அதுவும் ஒருவார்த்தை கேளாமல், அந்தக் கோப்பில் பதியாதிருக்கும் மாற்றங்களின்மேல் எழுதிவிடும். ஆகையால் முதலாவது ‘டிஃப்’ கொடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள்.

‘ரெஃப்லாக் இருக்கிறதே’ என்று வாலிபர்கள் தைரியமாய்ச் சொல்லுகிறார்கள். அது கமிட் செய்தவற்றையே அறியும்.

எனக்கு இதில் ஞானம் போதாது. பெங்களூரில் இருக்கும் நம்முடைய சகோதரர் ஒருவரை இணைத்துக்கொடுத்தேன். மூன்றில் இரண்டு கோப்புகளைத் தம்பி ‘ஆட்’ மாத்திரம் செய்து வைத்திருந்தார். அப்படிச் சேர்த்தவை சில நாட்களாவது உள்ளே கிடக்குமாம். ‘எஃப்எஸ்சிகே’ என்னும் கட்டளையால் தேடியபோது அவை பெயரில்லாமல் வந்தன. ஒவ்வொன்றாய்த் திறந்து அடையாளங்கண்டார்கள்.

மூன்றாவது கோப்பை அவர் ஆட் செய்திருக்கவில்லை. விடியுமட்டும் விழித்திருந்து, நினைவிலிருந்தே அதைத் திரும்ப எழுதினார்.